அணைக்குள்ள மீனுக்கு வீடு: தள்ளிவிட்டா மட்டும் போதுமா?

குற்றாலத்துல சாரல் விழுந்தா அருவியில குளிச்சுட்டு, அப்படியே செங்கோட்டை பக்கம் குண்டாறு அணையையும் பார்த்துட்டு வருவோம். தண்ணி தளும்பி நிக்கும். ஆனா அதுக்கு அடியில மீன்குஞ்சு ஒளிய இடம் இருக்கா? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

புது அணையில முதல்முறை தண்ணி தேங்கும்போது மரம், புதர், பாறை எல்லாம் முங்கும். மீனுக்கு அதுதான் வீடு. வருஷம் போகப் போக மரம் மக்கிடும், பாறையை வண்டல் மூடிடும். தண்ணி ஏறி இறங்கிட்டே இருக்கறதால கரையோரம் செடியும் நிலைக்காது. அப்புறம் நாம விடுற கட்லா, ரோகு குஞ்சுகளை நீர்க்காகமும் விராலும் சுலபமா பிடிச்சுடும்.

அமெரிக்காவுல மிசௌரி மாநிலத்துல டேபிள் ராக்னு ஒரு ஏரி. 1958-ல கட்டி முடிச்ச அணை. அங்கே 2007-ல இருந்து மரக்கிளை, அடிமரம், பாறைகளை ஏரிக்குள்ள இறக்கினாங்க. சின்னப் படகுல இருந்து கையால தள்ளினா படகு ஆடும், கிளை வேற இடத்துல போய் விழும். அதனால தளம் சாயுற மிதவையைப் பயன்படுத்தினாங்க. கரையில ஏத்தி, ஜிபிஎஸ் காட்டுற இடத்துல தளத்தைச் சாய்ச்சா, மொத்தமும் சறுக்கி இறங்கிடும்.

நம்ம ஊர்ல? கருப்பாநதி அணையோட முழு நீர்மட்டம் 72 அடி, கடனா 85 அடி, அடவிநயினார் 132 அடி. கோடையில நீர்மட்டம் நல்லா இறங்கிடும். அப்போ காய்ஞ்ச தரையில டிராக்டரே போதும். கிளைக்கட்டுல கல்லைக் கட்டி நிறுத்தி, போன்ல இடத்தைக் குறிச்சுக்கலாம்.

ஆனா சிக்கல் இங்கதான். டிராக்டர் போற இடத்துல கோடையில தண்ணியே இருக்காது. மீன் எல்லாம் மிச்சமிருக்கிற ஆழத்துல நெருக்கியடிச்சு நிக்கும். வீடு ரொம்பத் தேவைப்படுறது அங்கேதான், அங்கே போக மிதவை வேணும். பெரிய இயந்திரம் வேண்டாம். கழட்டி குட்டியானையில ஏத்துற மாதிரி, சாயுற பலகை வச்ச சின்ன மிதவை இருந்தா நம்ம அணைகளுக்குப் பொருந்தும்.

இன்னொண்ணு: மடை பக்கம் போட்டா கிளை மிதந்து வந்து அடைச்சுக்கும். வலை இழுக்கிற தடத்துல போட்டா வலை கிழியும். அந்த நஷ்டம் மீன்பிடிக்கிறவங்க தலையிலதான் விழும். அதனால எங்கே போடணும்னு முதல்ல அவங்ககிட்ட கேளுங்க. ஜிபிஎஸ் எல்லாம் அப்புறம்தான்.