மய்யித்தைக் குளிப்பாட்டியவரின் மனச்சுமை



ஒரு வீட்டில் மவுத்து ஏற்பட்டால் அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்ல ஊரே திரண்டு வருகிறது. ஆனால் உள்ளறையில் திரை கட்டி, மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபனிட்டுக் கொடுக்கும் பெண்மணியை யாராவது நினைக்கிறோமா? வேலை முடிந்ததும் அவர் சத்தமில்லாமல் வீடு திரும்புகிறார். அன்றிரவு அவர் தூங்கினாரா என்று நாம் கேட்பதே இல்லை.

நிறைவயதில் மரணித்தவரைக் குளிப்பாட்டுவது பெரும்பாலும் மனத்திற்கு அமைதியே தரும். விபத்தில் சிதைந்த உடலும், தீயில் கருகிய இளம்பெண்ணும், தன் பிள்ளையின் வயதையொத்த குழந்தையும் அப்படியல்ல. அந்தக் காட்சி கண்ணை விட்டு அகலாது.

இந்தச் சுமையை யாழ்ப்பாணக் குடாநாடு நன்கு அறியும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வடமராட்சிக் கரையைத் தாக்கியபோது, எந்தப் பயிற்சியும் இல்லாத சாதாரண மக்களே தம் அண்டை வீட்டாரின் உடல்களைத் தேடி எடுத்தார்கள். 2025 பெப்ரவரியில் அரியாலை சிந்துபாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியவர்கள் மனித எலும்புகளைக் கண்டார்கள். 1999-ல் 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்ட செம்மணிக்கு அருகிலுள்ள இடம் அது. நீதிமன்றக் கண்காணிப்பில் நடந்த அகழ்வில் அந்த ஆண்டு செப்டம்பருக்குள் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. குழந்தைகளின் எலும்புகளும் இருந்தன. நீல நிறப் புத்தகப் பை ஒன்றும், பால் போத்தலும், விளையாட்டுப் பொம்மையும் கிடைத்தன.

எலும்பைக் கண்டு கலங்காத அனுபவசாலியையும் அந்தப் புத்தகப் பை கலங்க வைத்துவிடும். ஏன்? சடலங்களைக் கையாளும் படைவீரர்களையும் மீட்புப் பணியாளர்களையும் ஆராய்ந்த மருத்துவர்கள் இதற்கு விடை சொல்கிறார்கள். “இது என் பிள்ளையாக இருந்தால்?” என்று மனம் ஒட்டிக்கொள்ளும் இடத்தில்தான் காயம் ஆழமாகிறது. இறந்தவரின் உடைமைகள் அப்படி ஒட்ட வைக்கின்றன.

எப்படிக் கண்டுகொள்வது?

கனவில் அதே உடல் வருவது, அந்த வாடை மூக்கிலேயே நிற்பது போலிருப்பது, சிறு சத்தத்திற்கும் திடுக்கிடுவது, இறைச்சியைத் தொட முடியாமல் போவது, காரணமின்றிப் பிள்ளைகள் மீது எரிந்து விழுவது ஆகியவை அடையாளங்கள். பலருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து, வீட்டு வேலையையும் உறக்கத்தையும் கெடுத்தால், அது மனவடு நோயாக இருக்கலாம். அதைப் பேய் பிடித்தது என்றோ, ஈமான் குறைந்தது என்றோ சொல்லிவிடாதீர்கள். கை முறிந்தவரிடம் ஈமானைப் பற்றியா விசாரிக்கிறோம்?

மறைக்க வேண்டியது எது?

மய்யித்திடம் கண்ட குறையை வெளியில் சொல்லக் கூடாது என்பது மார்க்கம் கற்றுத் தந்த ஒழுக்கம். இதை எண்ணியே பல சகோதரிகள் தங்கள் வேதனையையும் சேர்த்துப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. மய்யித்தின் குறை அமானிதம். “எனக்குத் தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது” என்பது உங்கள் நோவு. இறந்தவரின் பெயரையோ கோலத்தையோ சொல்லாமலே அதைச் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும்.

நபி (ஸல்) அவர்களின் மகளார் மரணித்தபோது உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் மற்றப் பெண்களுடன் சேர்ந்தே குளிப்பாட்டினார்கள். இந்தப் பணியில் ஒருவரைத் தனியே விடக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடமல்லவா?

நாம் செய்யக் கூடியவை

கடினமான மய்யித்தானால் ஒரே பெண்ணை மீண்டும் மீண்டும் அழைக்காமல் மாறி மாறிச் செய்யுங்கள். குளிப்பாட்டுகிறவரே இறந்தவரின் உடைமைகளையும் எடுத்து அடுக்க வேண்டாம். அதை வேறொருவர் செய்யட்டும். வேலை முடிந்ததும் அவரை உட்கார வைத்து உணவு கொடுங்கள். மறுநாள் ஒரு முறை போய்ப் பாருங்கள். பேசினால் காது கொடுங்கள். பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நடந்ததையெல்லாம் உடனே சொல்ல வைப்பது பயன் தராது என்பதை மருத்துவ உலகம் அனுபவத்தில் கண்டிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் போர்க் காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சியோடு அவரவர் மார்க்கத்தின் திருச்சொற்களை அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொல்வதையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். நமக்கு அது திக்ரு. ஆயினும் திக்ரு மருந்துக்குத் துணையே தவிர, மருத்துவரிடம் போகாமலிருப்பதற்குச் சாக்கு அல்ல. யாழ் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. இலங்கையில் எங்கிருந்தும் 1926 என்ற எண்ணை அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

சகோதரிகளே! நம்மில் ஒவ்வொருவரையும் ஒரு நாள் யாரோ ஒரு பெண்தான் குளிப்பாட்டப் போகிறார். அந்தக் கைகளுக்கு இன்றே ஆதரவாக இருப்போம்.