கசகசாவும் கடல் கடந்த பிரயாணமும்

சென்ற தை மாத இறுதியில் என் மூத்த தமக்கையார் அபுதாபிக்குப் புறப்பட்டார். அங்கே அவருடைய மகளுக்குத் தலைப்பிரசவம். நாற்பத்தெட்டு வயதில் முதன்முறையாகக் கடல் கடக்கும் அவருக்குப் பெட்டி கட்டிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு மூட்டை கட்டத் தெரியாதா என்பது வீட்டாரின் எண்ணம்.

பார்சல் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டைக்குள் இருப்பது இன்ன சரக்கு என்று அனுப்புகிறவர் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்த நினைவில் நான் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துப் பார்க்கலானேன். மூன்றாவது பொட்டலத்தில் அரைக் கிலோ கசகசா இருந்தது.

ரத்லத்தில் வாழும் நமக்கு இதைப் பற்றி விளக்கவும் வேண்டுமோ? இங்கிருந்து மந்த்சௌர், நீமச் வரையில் குளிர்காலத்தில் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்பவை சர்க்காரின் உரிமம் பெற்ற அபினிச் செடிகளே. அவற்றின் காயைக் கீறி வடிப்பது அபினி. அதே காய் முற்றி உலர்ந்தபின் உதிர்வது கசகசா. விதையில் போதை இல்லையென்றாலும், காயின் பால் அதன்மேல் சிறிது ஒட்டியிருக்கக்கூடும். ஆகையால் நம் நாட்டில் மளிகைக் கடையில் விற்கும் இச்சரக்கு ஐக்கிய அரபு நாடுகளிலும் சவுதி அரேபியாவிலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்டிருக்கிறது. குருமாவுக்காகக் கொண்டுவந்தேன் என்று அங்குள்ள சுங்க அதிகாரியிடம் சொல்லித் தப்ப முடியாது.

கசகசாவை எடுத்து வைத்தேன். அதைச் சேர்த்து அரைத்த மசாலாப் பொடியையும் எடுத்து வைத்தேன். பிறகுதான் தமக்கையார் மெல்லிய குரலில், “தம்பி, லேகியத்திலும் போட்டிருக்கிறேனே!” என்றார். மகளுக்காக இரண்டு நாள் அடுப்படியில் நின்று கிண்டிய பிரசவ லேகியம் அது. அதையும் வெளியே வைக்க நேர்ந்தபோது அவர் கண் கலங்கியதைக் கண்டு என் மனமும் சங்கடப்பட்டது.

அடுத்து மருந்து. இடுப்பு வலிக்காக அவர் விழுங்கிவந்த மாத்திரையில் டிரமடால் இருந்தது. அதற்கும், கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் அந்நாட்டுச் சர்க்காரின் முன் அனுமதி வேண்டும். டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றி, சீட்டையும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதித் தந்தார். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பற்றும் பொருளாகையால் விமானத்தில் ஏற்கமாட்டார்கள்; அதுவும் நின்றது.

இவையெல்லாம் வீட்டுக்குள் முடிந்த காரியங்கள். கடினமானது அன்று மாலை வந்தது. நம் சங்கத்து மாமி ஒருவர், அபுதாபியில் இருக்கும் தம் மகனுக்கென்று துணியில் தைத்த பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். “முறுக்கும் இரண்டு சட்டையும்தானப்பா” என்றார். பிரித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறோம் என்றேன். மாமியின் முகம் வாடிவிட்டது. “இருபது வருஷப் பழக்கத்தில் என்னையே சந்தேகிக்கிறாயா?” என்று கேட்டார்.

நான் 2019-இல் நடந்ததைச் சொன்னேன். மும்பை இளந்தம்பதியர் இருவர் உறவினர் ஒருவரின் ஏற்பாட்டில் கத்தாருக்கு உல்லாசப் பிரயாணம் போனார்கள். அவர் கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் தோஹா விமான நிலையத்தார் நான்கு கிலோ ஹாஷிஷ் கண்டெடுத்தனர். இருவருக்கும் 10 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சூல் கொண்டிருந்த அப்பெண் சிறையிலேயே பிள்ளை பெற்றாள். அவர்கள் அறியாமல் சிக்கியவர்கள் என்பது நிலைநாட்டப்பட்டு, விடுதலை பெற்று ஊர் திரும்ப 2021 ஆயிற்று. கொடுத்தவர் அந்நியர் அல்லர், சொந்த உறவினர்.

மாமி பதில் பேசாமல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதில் முறுக்கும் சட்டையும் தவிர வேறொன்றும் இருந்திராது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அயல்நாட்டுச் சுங்கச் சாவடியில் என் நிச்சயத்துக்கு என்ன மதிப்பு? அங்கே பெட்டி யாருடையதோ அவரே பதில் சொல்ல வேண்டும். என் தமக்கையாருக்கோ தமிழும் அரைகுறை இந்தியும் தவிர வேறு மொழி வராது.

பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் இருக்கிறதா என்று பார்த்து, அதன் நகல் ஒன்றை வீட்டிலும் ஒன்றை மகளிடமும் இருக்கச் செய்தேன். அபுதாபி இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணைத் தமிழ் எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி அவர் கைப்பையில் வைத்தேன். அயல்நாட்டில் தடுத்து வைக்கப்பட்டவர் தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கலாம். 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தந்த உரிமை அது. காவலர் மிரட்டினாலும் இதைக் கேட்கத் தயங்காதே என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன்.

அட்டைக்கு வேலை வரவில்லை. அபுதாபியில் பெட்டியைத் திறந்து பார்த்து, பூண்டையும் சுக்கையும் முகர்ந்துவிட்டு அனுப்பிவிட்டார்களாம். பேத்தி பிறந்து, தாயும் சேயும் நலம். லேகியத்தைக் கசகசா இல்லாமல் தமக்கையார் அங்கேயே கிண்டிக் கொடுத்தார்.

மாமி இதுவரை எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இந்த இதழ் அவர் வீட்டுக்கும் போகிறது. அடுத்த மாதம் தமக்கையாரை அழைத்துவர மும்பைக்குப் போகிறேன். திரும்பியதும் இருவருமாக மாமி வீட்டுக்குப் போவதாக இருக்கிறோம்.