குளச்சல் வெற்றி ஸ்தம்பம்

இனயத்திலிருந்து கரையோரமாகக் கிழக்கே சென்றால் குளச்சல். அங்கே கடலோரம் நிற்கும் ஸ்தம்பத்தை நம் மாணாக்கர்களுடன் சென்று கண்டோம். 1741-ஆம் வருஷம் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் சேனை டச்சுக் கம்பெனியாரை முறியடித்ததற்கு ஞாபகச் சின்னம் அது. சிறைப்பட்ட கம்பெனிக் கப்பித்தான் டிலனாய் பின்னர் அம்மன்னரின் சேனையையே பழக்கி, 1777-இல் காலமானார். உதயகிரிக் கோட்டையிலுள்ள அவர் சமாதியில் லத்தீனிலும் தமிழிலும் சாஸனம் உண்டு.

"ஸார், நம் பக்கத்தில் மாண்டவர்களின் பெயர் எங்கே?" என்றான் ஒரு பையன்.

விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. தோற்ற கப்பித்தானுக்குச் சமாதி. வென்று மடிந்த சிப்பாய்க்கோ பெயரும் மிஞ்சவில்லை! நேயர்களே, அங்கே செல்வீர்களாயின், மன்னரை வாழ்த்திய பின், அந்தப் பெயரற்றவர்களுக்காகவும் ஒரு கணம் மௌனமாக நில்லுங்கள்.