கோழியின் உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி

நாய்க்கு வலித்தால் முனகும். பூனை ஒரு மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும். கோழி அப்படியில்லை. காலில் வலி இருந்தாலும் மற்றக் கோழிகளோடு சேர்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டேதான் இருக்கும். பலவீனமாகத் தெரியும் கோழியைக் கூட்டத்தில் உள்ள மற்றவை கொத்தி விரட்டும். வேட்டையாடும் விலங்கும் அதையே முதலில் குறிவைக்கும். ஆகவே வலியை மறைப்பது கோழியின் இயல்பு. அது வெளிப்படையாக நொண்டும் நாளில், பாதத்தின் அடியில் உள்ள புண் பெரும்பாலும் முற்றிப்போயிருக்கும்.

கம்பத்து வீடுகளிலும் தோட்டப்புற வீடுகளின் பின்புறத்திலும் நான்கைந்து கோழிகளை வளர்க்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் வீடும் அப்படியென்றால், தீனி போடுவதோடு நின்றுவிடாதீர்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கோழியையும் தூக்கி உள்ளங்காலைப் பாருங்கள். இரவு நேரமே இதற்கு ஏற்றது. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. கழியில் அமர்ந்து தூங்கும் கோழியை மெதுவாகத் தூக்கினால் அவ்வளவாகத் திமிறாது. ஒருவர் இறக்கைகளை உடலோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கைவிளக்கு வெளிச்சத்தில் பார்க்கலாம்.

நலமாக உள்ள பாதம் சற்றே மெத்தென்று, வெடிப்பு இல்லாமல், எல்லா இடத்திலும் ஒரே நிறமாக இருக்கும். பாதத்தின் நடுவிலோ விரலின் அடியிலோ சிவந்த திட்டு தெரிந்தால் அது முதல் எச்சரிக்கை. அடுத்து வருவதுதான் நாம் தேடும் அடையாளம்: மிளகளவில், கறுப்பாகவோ அடர்பழுப்பாகவோ, அழுத்தினால் கல் போன்று தட்டுப்படும் ஒரு பொருக்கு. சேறுதான் ஒட்டியிருக்கிறது என்று பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். சேறு போய்விடும், பொருக்கு போகாது. இரண்டு பாதங்களையும் தொட்டு ஒப்பிட்டால், புண் உள்ள பாதம் சற்றுச் சூடாகவும் தடித்தும் இருப்பது கைக்குத் தெரியும்.

இந்த நோயை ஆங்கிலத்தில் ‘பம்பள்ஃபுட்’ என்கிறார்கள். கோழிக்கு மட்டும் வருவதன்று. வேட்டைக்குப் பழக்கப்படும் வல்லூறுகளுக்கும், விலங்குக் காட்சிசாலைப் பெங்குவின்களுக்கும் இதே தொல்லை உண்டு. நெடுநேரம் ஒரே கடினமான தரையில் நிற்க வைக்கப்படும் பறவைகள் என்பதே இவற்றுக்குள் உள்ள ஒற்றுமை.

நொண்டும் கோழிக்கெல்லாம் பாதப்புண்தான் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. காலின் மேலுள்ள செதில்கள் தூக்கிக்கொண்டு, வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்ததுபோல் இருந்தால், அது செதில்களுக்கு அடியில் வாழும் நுண்ணிய உண்ணிகளின் வேலை. உள்ளங்காலில் ஒன்றுமே இல்லாமல், ஒரு கால் முன்னும் மற்றது பின்னுமாக நீட்டிக்கொண்டு கோழி படுத்துவிட்டால், நரம்புகளைத் தாக்கும் மாரெக் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். அது கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டிய நோய்.

சரி, ஒரு சிறு பொருக்குக்கு ஏன் இத்தனை கவலை? நமக்குக் காலில் முள் குத்தினால் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் சீழ் கட்டும். கட்டி பழுத்து உடையும். சீழ் வழிந்ததும் புண் ஆறத் தொடங்கும். அந்தச் சீழை நீர்மமாக்குவது நம் இரத்தத்தில் உள்ள நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள். கிருமிகளோடு போரிட்டு மடியும்போது அவை வெளியிடும் நொதிகள் செத்த திசுக்களைக் கரைத்துக் கூழாக்குகின்றன. அவற்றில் உள்ள மையலோபெராக்சிடேஸ் என்ற நொதி பச்சை நிறமுடையது. சளி முற்றும்போது மூக்குச்சளி பச்சையாக மாறுவதற்கும் அதுவே காரணம். (அடுத்த முறை கைக்குட்டையைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வந்தால் மன்னிக்கவும்.)

பறவைகளுக்கு நியூட்ரோஃபில் இல்லை. அந்த வேலையை ஹெட்டரோஃபில் என்ற வேறு வகை வெள்ளை அணு செய்கிறது. கிருமிகளைக் கொல்வதில் அதுவும் திறமைசாலிதான். ஆனால் அதனிடம் மையலோபெராக்சிடேஸ் இல்லை. செத்த திசுவைக் கரைக்கும் ஆற்றலும் குறைவு. அதனால் கோழியின் சீழ் வழிவதில்லை. பாலாடைக்கட்டிபோல் திரண்டு, நாளாக ஆக இறுகி, முளையடித்ததுபோல் பாதத்துக்குள் நின்றுவிடுகிறது. நாம் வெளியே காணும் கரும்புள்ளி அந்த முளையின் தலை மட்டுமே. உடல் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, கிருமிகள் பரவாமல் தடுக்கப் பார்க்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த முளைக்குள் இரத்த ஓட்டம் கிடையாது. ஊசியிலோ வாய்வழியோ கொடுக்கும் மருந்து இரத்தத்தின் வழியாகத்தானே போய்ச் சேர வேண்டும்? ஆகையால் முற்றிய புண்ணில் ஆன்டிபயோடிக் மட்டும் கொடுத்துப் பயன் காண்பது கடினம். கவனிக்காமல் விட்டால் கிருமி தசைநார்களையும் மூட்டையும், கடைசியில் எலும்பையும் எட்டிவிடும். அப்போது கோழி நடப்பதை நிறுத்தும். தீனிக்கும் தண்ணீருக்கும் போகாமல் இளைத்துச் சாகும்.

இந்தக் கிருமி பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். 1880களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், நோயாளிகளின் சீழை நுண்ணோக்கியில் பார்த்து, திராட்சைக் குலைபோல் கூடியிருந்த உருண்டைக் கிருமிகளுக்கு ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார். மனிதர்களில் பலர் இதை மூக்கிலும் தோலிலும் எந்தத் தொல்லையும் இல்லாமல் சுமந்து திரிகிறார்கள். கோழியிடமிருந்து நமக்கு நோய் தொற்றும் என்றுதான் எப்போதும் கேள்விப்படுகிறோம். இங்கே கதை தலைகீழ். 2009ஆம் ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்களின் குழு, கறிக்கோழிகளிடமிருந்து எடுத்த ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிகளின் மரபணுக்களை ஆராய்ந்தது. அவற்றில் பெரும்பாலானவை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் மனிதர்களிடமிருந்து கோழிகளுக்குத் தாவிய ஒரு கிளையின் வழிவந்தவை என்று தெரியவந்தது. கோழியின் உடலுக்கு ஏற்ற புதிய மரபணுக்களைப் பெற்று, மனிதருக்கு நோய் தருவதில் பயன்பட்ட சிலவற்றை அந்தக் கிளை இழந்தும் விட்டிருந்தது.

கிருமி எங்கும் இருக்கிறது. அது உள்ளே நுழைய ஒரு வாசல் வேண்டும், அவ்வளவுதான். அந்த வாசலைத் திறந்துவிடுவது பெரும்பாலும் நாம் கட்டிய கோழிக்கூடு. நான்காம் படிவ இயற்பியலில் கணத்தாக்கு விசை படித்திருப்பீர்கள். 2 கிலோ எடையுள்ள கோழி 1 மீட்டர் உயரக் கழியிலிருந்து, இறக்கை அடிக்காமல் விழுவதாக வைத்துக்கொள்வோம். சிமெண்டுத் தரையில் கால் மடங்கி 5 சென்டிமீட்டருக்குள் அது நின்றுவிட்டால், பாதங்களில் விழும் சராசரி விசை அதன் எடையைப்போல் சுமார் இருபது மடங்கு. தரையில் மரத்தூள் ஆழமாக இருந்து நிற்கும் தூரம் 10 சென்டிமீட்டரானால், விசை ஏறக்குறையப் பாதியாகிவிடும். கோழி இறக்கையை அடித்துத்தான் இறங்கும் என்பதால் உண்மை விசை இதைவிடக் குறைவு. ஆனாலும் தினமும் காலையில் இதே குதியல். உடல் கனத்த கோழிக்கு இறக்கையின் உதவியும் போதாது. தோலில் மயிரிழை அளவு வெடிப்பு விழுந்தாலே கிருமிக்குப் போதும்.

கூட்டின் கம்பி வலைத் தரையும், சிராய் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையும், ஒல்லியான இரும்புக் குழாயும் இதே தீங்கைச் செய்கின்றன. மழைக்காலத்தில் எச்சமும் ஈரமும் கலந்த தரையில் நின்று நின்று தோல் ஊறி மென்மையாகிவிடுகிறது. மிஞ்சிய சோற்றை மட்டுமே தின்று வளரும் கோழிக்கு வைட்டமின் ஏ குறைந்து, தோலே வலுவிழக்கும். கங்கோங், முருங்கைக்கீரை போன்றவை அந்தக் குறையைத் தீர்க்க உதவும்.

தோல் சிவந்திருக்கிறது, பொருக்கு சிறிது, வீக்கம் இல்லை என்றால் வீட்டிலேயே கவனிக்கலாம். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும், கையுறை கட்டாயம். வெதுவெதுப்பான நீரில் பாதத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, சோப்பிட்டுக் கழுவி, நன்றாக ஒற்றி உலர்த்த வேண்டும். பின்னர் போவிடோன் அயோடின் தடவி, மருந்துக்கடைகளில் கிடைக்கும் மென்துணியை மடித்து வைத்து, விரல்களுக்கு இடையே கொடுத்துக் கட்ட வேண்டும். கட்டு இறுகினால் விரல்கள் வீங்கிச் சில்லிடும். அப்போது உடனே அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். தினமும் கட்டை மாற்றி, கோழியைக் காய்ந்த மரத்தூள் போட்ட தனி இடத்தில் விடுவது நல்லது. மஞ்சளைக் குழைத்துப் பூசும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது உள்ளே இறுகிய முளையை எட்டாது என்பதோடு, தோலை மஞ்சளாக்கிச் சிவப்பு பரவுகிறதா என்பதையும் மறைத்துவிடும். ஆகவே இந்தப் புண்ணுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதம் உருண்டு வீங்கியிருந்தாலோ, விரல்களுக்கு நடுவே தோல் புடைத்திருந்தாலோ, ஒரு வாரக் கவனிப்பில் மாற்றம் இல்லாவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மாவட்டந்தோறும் உள்ள ‘பெஜாபாட் வெட்டெரினார்’ அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். சவரத் தகட்டால் பொருக்கை வெட்டி முளையைப் பிடுங்கும் காணொளிகள் இணையத்தில் ஏராளம். அதைச் செய்து பார்க்காதீர்கள். உணர்விழப்பு மருந்து இல்லாமல் அறுப்பது கோழிக்குப் பெரும் வதை. தசைநாரும் இரத்தக்குழாயும் நெருங்கிக் கிடக்கும் இடம் அது. தகடு தவறினால் கால் போய்விடும்.

வீட்டில் மிஞ்சியிருக்கும் மனிதர் ஆன்டிபயோடிக் மாத்திரையைப் பொடித்துத் தீனியில் கலப்பதும் வேண்டாம். மருந்து முட்டையில் இறங்கும். மருத்துவர் மருந்து கொடுத்தால், எத்தனை நாளுக்கு அந்தக் கோழியின் முட்டையைத் தின்னக்கூடாது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோழியின் காலைச் சமையலறைத் தொட்டியிலும் கழுவாதீர்கள். இந்தக் கிருமி உணவில் பெருகினால் அது சுரக்கும் நச்சு, உணவைக் கொதிக்க வைத்தாலும் எளிதில் அழியாது.

காலுக்குக் கட்டுப் போட்ட கையோடு கூட்டையும் சரிசெய்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆறிய கால் மறுபடி அதே தரையில்தான் குதிக்கும். கனமான கோழிக்கு நம் முழங்கால் உயரக் கழியே போதும். 4 முதல் 5 சென்டிமீட்டர் அகல மரச்சட்டமாகப் பார்த்து, மேல் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து உருட்டி வைத்து, கீழே ஒரு சாண் ஆழத்துக்குக் காய்ந்த மரத்தூளோ உமியோ பரப்பலாம். நனைந்த பகுதியை அன்றன்றே வாரிவிட்டால் எஞ்சியது நெடுநாள் உழைக்கும்.