அடைப்பில்லாத இதயமும் களைக்கும்

இதய நோய் என்றதும் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "எத்தனை அடைப்பு?" என்றுதான். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிளினிக் கொப்பியோடு காத்திருப்பவர்களின் வாங்கில் அரைமணி நேரம் இருந்தால் இந்தக் கணக்கு காதில் விழும். அதே வாங்கில் வேறொரு வகையினரும் இருப்பார்கள். குருதிக்குழாயில் பெரிய அடைப்பு ஒன்றும் இல்லையென்று சொல்லியாயிற்று. ஆனாலும் கிணற்றடிக்குப் போய்வர இளைக்கிறது, பொழுதுபட்டால் கால் வீங்குகிறது. எக்கோ எடுத்தால் இதயத்தசை சோர்ந்திருப்பது தெரிகிறது.

தசை சோர்வதற்குக் காரணங்கள் பல: பிரஷர், குடி, நீரிழிவு, வைரசு, பரம்பரை. எந்த வழியால் வந்தாலும் பெரும்பாலும் கூடவே வருவது சக்தி அனுசேபக் கோளாறு. அதாவது, உண்டதை இதயக்கலம் சக்தியாக மாற்றும் வேலையில் ஏற்படும் பிசகு. உலகின் பல பல்கலைக்கழகங்களில் கலாநிதிப் பட்ட மாணவர்கள் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பது இதில்தான்.

இதயத்தின் செலவு பெரியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அதற்கான சக்தி ஏ.ரி.பி. என்ற மூலக்கூறாக வருகிறது. சுமார் 300 கிராம் எடையுள்ள இந்த உறுப்பு, தினமும் ஆறு கிலோவுக்குக் குறையாத ஏ.ரி.பி.யைச் செய்து, செலவழித்து, திரும்பச் செய்கிறது. கையிருப்போ சில விநாடிகளுக்குத்தான் காணும். இதயத்தசைக் கலத்தின் கனவளவில் மூன்றில் ஒரு பங்கை, ஏ.ரி.பி.யைச் செய்யும் இழைமணிகள் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். எரிபொருளில் பெரும்பங்கு கொழுப்பமிலம். மிச்சம் குளுக்கோசு, லக்றேற்று, கீற்றோன்.

எரிபொருள் இருந்தும் எரிக்க முடியாமற் போனால் என்ன நடக்கும்? இதை உலகம் கண்டுகொண்ட கதையில் தமிழர் சாப்பிட்ட சோற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. நாம் அதை அதிகம் பேசுவதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் மடிந்தார்கள். கால் வீங்கும், இதயம் பெருக்கும், திடீரென்று உயிர் போகும். அதே நாட்டில் வேலை செய்த தமிழர்களுக்கு நோய் அரிதாகவே வந்தது. அங்கே பணியாற்றிய பிரடன் என்ற வைத்தியர் கவனித்த வித்தியாசம் அரிசி. சீனர்கள் உண்டது நன்றாகத் தீட்டிய வெள்ளைச் சயாம் அரிசி, தமிழர்கள் உண்டது புழுங்கல்.

1905 டிசம்பரில் வில்லியம் பிளெச்சர் என்ற வைத்தியர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையாக எண்ணி, ஒற்றை எண்காரருக்குத் தீட்டிய பச்சையரிசி, இரட்டை எண்காரருக்குப் புழுங்கல் என்று பிரித்தார். பச்சையரிசிப் பகுதியில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் பகுதியில் ஒருவரும் இறக்கவில்லை. இன்றைக்கு எந்த ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவும் அனுமதிக்காத பரிசோதனை. பிறகு பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் சுமார் 300 ஜாவாத் தொழிலாளரிடையே ஆராய்ந்து, கெடுதல் அரிசியில் இருக்கும் நஞ்சால் வருவதல்ல, தீட்டும்போது இழக்கப்படும் ஏதோ ஒன்றால் வருவது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

நெல்லை ஊறவைத்து, கிடாரத்தில் அவித்து, காயவைத்துக் குத்தினால், தவிட்டோடு போகவேண்டிய அந்தச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு மில்லில் தீட்டினாலும் முழுக்கப் போகாது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லை முற்றத்தில் அவித்தவர்களுக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை. அரிசி உடையாது, சோறு குழையாது என்றுதான் அவித்தார்கள்.

அந்தச் சத்து தயமின், விற்றமின் பி1. 1926இல் பத்தாவியாவில் யான்சன், டொனாத் இருவரும் தவிட்டிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 1937இல் ஜேர்மனியில் லோமன், அது கலத்தில் எந்த வடிவில் வேலை செய்கிறது என்று காட்டினார். குளுக்கோசு உடைந்து வரும் பைருவேற்று இழைமணியில் எரிவதற்குத் தயாராகும் கட்டத்தில் வேலை செய்யும் நொதியத்துக்கு அது கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் சாப்பாடு இருந்தும் இதயம் பட்டினி. இதயத்தைத் தாக்கிய கடும் பெரிபெரி நோயாளிக்கு நாளத்தில் தயமின் ஏற்றினால், சில மணித்தியாலங்களிலேயே தேறத் தொடங்குவதைக் காணலாம். இதய நோய் வைத்தியத்தில் இவ்வளவு சடுதியான திருப்பம் அபூர்வம்.

பழங்கதை என்று தள்ளவும் முடியாது. கசிப்பே கதியென்று கிடப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிடுவதிலுள்ள தயமினும் உடலில் சுவறாது. நெடுநாள் நீர்க்குளிசை எடுப்பவர்களுக்குச் சிறுநீரோடு தயமின் கழிகிறது. அதற்காகப் பாமசியில் நாமாக வாங்கி விழுங்கவேண்டியதில்லை. எல்லா இதயச் செயலிழப்பு நோயாளருக்கும் தயமின் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் தெளிவான பலன் கிடைக்கவில்லை. குறைபாடு உள்ளவருக்குத்தான் அது மருந்து.

நீரிழிவில் கதை மறுபுறம். குருதியில் சீனி நிரம்பியிருக்கும். இன்சுலினுக்குக் கலம் செவிசாய்க்காததால் அது உள்ளே போகாது. இதயம் கொழுப்பையே நம்பி ஓடும். பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் வன்னியில் மோட்டார் சைக்கிளை ஒரு துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியது பலருக்கு நினைவிருக்கும். வண்டி ஓடியது, புகையும் கரியும் எஞ்சினைத் தின்றன. கொழுப்பை மட்டும் எரிக்கும் இதயத்துக்கு அதே வேலைக்குக் கூடுதல் ஒட்சிசன் வேண்டும். எரியாமல் தேங்கும் கொழுப்பு மிச்சங்கள் கலத்தைப் பழுதாக்கும். கொழுப்பும் குளுக்கோசும் ஒன்றையொன்று தடுக்கும் இந்தப் போட்டியை பிலிப் ராண்டில் 1963இலேயே விவரித்துவிட்டார். இதயத்தைக் கீறாமல், காந்தப் புலத்தை வைத்தே அதன் சக்திக் கையிருப்பை அளந்த ஸ்டெபான் நொய்பவர் குழு, 1997இல் இன்னொன்றைக் காட்டியது: இதயத்தசை சோர்ந்தவர்களில் கையிருப்பு குறைந்தவர்களே முந்தி இறக்கிறார்கள்.

2015இல் வெளிவந்த ஆய்வொன்றில், எம்பாகிளிப்ளோசின் என்ற நீரிழிவு மருந்து, ஏற்கெனவே இதய, குருதிக்குழாய் நோயுள்ள நீரிழிவுக்காரரிடையே அந்நோயால் வரும் இறப்பை 38 வீதம் குறைத்தது. சீனியைக் குறைத்ததால் மட்டும் அவ்வளவு பலன் வராது. இதயத்துக்குக் கீற்றோன் கூடுதலாகக் கிடைப்பதாலா, உப்பும் நீரும் கழிவதாலா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கலாநிதி மாணவர் ஒருவர் மூன்று நான்கு ஆண்டு மினக்கெடுவது இப்படியொரு வழக்கின் ஒரு மூலையில்தான். எலியின் இதயத்தை வெளியே எடுத்து, திரவம் பாய்ச்சித் துடிக்கவைத்து, எதை எவ்வளவு எரிக்கிறது என்று அளப்பார். லாங்கென்டோர்ப் 1895இல் வகுத்த முறை அது. இன்றும் ஆய்வுகூடங்களில் புழங்குகிறது.

வன்னிக்கு மிகவும் பொருந்தும் கலாநிதி ஆய்வு வேறொன்று. 1944–45 குளிர்காலத்தில், ஜேர்மன் முற்றுகையில் நெதர்லாந்து பட்டினி கிடந்தபோது வயிற்றில் இருந்த பிள்ளைகளைப் பற்றி, டெஸா ரோஸ்பூம் 2000இல் அம்ஸ்டர்டாமில் சமர்ப்பித்தது. தாயின் கர்ப்பத் தொடக்கத்தில் பட்டினி நேர்ந்திருந்தால், பிள்ளைக்கு ஐம்பது வயதளவில் இதய நோய் கூடுதல். அதே பிள்ளைகளிடையே நடந்த இன்னோர் ஆய்வு, பட்டினிக்குள் வயிற்றிலிருந்தவர்களின் உடல் குளுக்கோசைக் கையாளும் திறன் குறைந்திருந்ததைக் கண்டது.

போர் முடியும் தறுவாயில், 2009இன் முதல் மாதங்களில், முல்லைத்தீவுக் கரையில் அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட கஞ்சியோடு நாள் கழித்த கர்ப்பிணிகளின் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். அம்ஸ்டர்டாம் ஆய்வுக்கு வைத்தியசாலையின் பிறப்புப் பதிவேடு இருந்தது. இங்கே வைத்தியசாலைகளே இடம்பெயர்ந்து திரிந்தன. வன்னியில் இதைத் தொடங்க நினைக்கும் மாணவர், தாய்மார் உடுப்புப் பையோடு தூக்கிவந்த கர்ப்பிணி அட்டைகளையும், பிள்ளைகளின் நிறை குறித்த அட்டைகளையும் வீடு வீடாகக் கேட்டுச் சேர்க்கவேண்டியிருக்கும். எந்த வீட்டில் யார் என்பது ஊரின் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும்.