உப்பும் ஏவுகணையும்

ஏவுகணை ஒன்று நெருப்பைக் கக்கி விண்ணில் எழுங்கால், கண்டோர் அனைவரும் அதன் விரைவையும் ஒளியையும் வியந்து நிற்பர். மரத்தின் மலரையும் கனியையும் போற்றுவோர் மண்ணுள் மறைந்த வேரை எண்ணுவதில்லை. அதுபோலவே, ஏவுகணையைப் புகழ்வோரும் அதன் வேரை எண்ணுவதில்லை. அவ்வேர் போர்க்களத்தில் இல்லை. ஆரவாரமற்ற ஆய்வுக்கூடங்களில் உப்பு நீரிலும் உலோகத் தகட்டிலும் மின்கலத்திலும் உள்ளது. நம் நாட்டில் அத்தகைய வேர்களுள் ஒன்று செட்டிநாட்டுக் காரைக்குடியில் ஊன்றியிருக்கிறது.

பறக்க வேண்டும் என்னும் வேட்கை மனிதனுக்கு மிகப் பழமையானது. செலுத்துவோன் இன்றியே செல்லும் வானவூர்தியைச் சங்கப் புலவரும் எண்ணிப் பார்த்தனர். புறநானூற்றில் அக்குறிப்பு உண்டு. ஆயினும் எண்ணம் வேறு, ஆக்கம் வேறு. எண்ணியதைச் செய்து முடிப்பதற்குக் கருவியும் பொருளும் கணக்கும் வேண்டும். இம்மூன்றும் பிறர் கையில் இருக்கும்வரை வானம் நமதாகாது.

இந்திய விமானப்படை 1932 ஆம் ஆண்டு அக்டோபர் 8 ஆம் நாள் தோற்றுவிக்கப்பெற்றது. அதன் முதற் படைப்பிரிவு 1933 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் கராச்சியில் தொடங்கியபோது, அதனிடம் நான்கு வாப்பிட்டி விமானங்களே இருந்தன. அவை நான்கும் இங்கிலாந்தில் ஆக்கப்பட்டவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செட்டிநாட்டிலும் ஒரு விமானத்தளம் அமைந்திருந்தது. வறண்ட செம்மண் நிலத்தின் மேல் அயல்நாட்டு விமானங்கள் எழுந்தன, இறங்கின. போர் முடிந்தது, விமானங்கள் சென்றன, ஓடுபாதை மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. விமானம் வந்து போனதனால் விமானம் செய்யும் அறிவு வந்துவிடவில்லை.

பிறர் செய்த படைக்கலத்தை விலைக்கு வாங்குதல் எளிது. ஆனால் விற்பவன் மனம் மாறினால், உதிரி உறுப்பு ஒன்று கிடையாமல் விமானம் கொட்டகையிலேயே நின்றுவிடும். இதனை உணர்ந்தோர் விமானங்களை இங்கேயே ஆக்க முயன்றனர். 1940 ஆம் ஆண்டு பெங்களூரில் வால்சந்து ஹீராசந்து என்னும் தொழிலறிஞர் தொடங்கிய விமானத் தொழிற்சாலையே பின்னர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனமாக வளர்ந்தது. அங்கு, கூர்ட் டாங்க் என்னும் செருமானியப் பொறியாளரின் தலைமையில் ‘மாருத்’ என்னும் போர்விமானம் உருவாகி, 1961 ஆம் ஆண்டு ஜூன் 17 ஆம் நாள் முதன்முறையாகப் பறந்தது. அதன் உடலமைப்பு சிறந்து விளங்கிற்று. ஆயினும், அவ்வுடலுக்கு ஏற்ற ஆற்றல் மிக்க எந்திரம் எங்கும் கிடைக்கவில்லை. ஒலியின் விரைவை மிஞ்ச வேண்டும் என்று கருதிய விமானம், கருதிய அவ்விரைவை எய்தவில்லை. உடல் ஓரிடத்தில் அமைந்தாலும் உயிர் பிறரிடம் இருந்தால் நேரும் குறை இதுவேயாகும்.

இக்குறையை நீக்கும் வழி அடிப்படை அறிவியலை வளர்ப்பதே. அவ்வழியில் பொருள் ஈந்தோருள் ஒருவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். அவர் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1909 ஆம் ஆண்டு ஏப்ரல் 6 ஆம் நாள் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார், இலண்டனில் சட்டம் பயின்றார். அங்கிருந்த நாளில் விமானம் ஓட்டவும் கற்று, அதற்குரிய சான்றிதழும் பெற்றார். நாடு திரும்பியபின் பல தொழில்களை நடத்தினார். விமானப் போக்குவரத்துத் தொழிலிலும் ஈடுபட்டார். கடல் கடந்து பருமா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் பொருள் ஈட்டுதல் செட்டிநாட்டாரின் வழக்கம். ஈட்டிய பொருளை மாளிகையாகவும் கோயில் திருப்பணியாகவும் நிலைபெறச் செய்வதும் அவர்கள் வழக்கமே. அழகப்பரோ அதனைக் கல்லூரியாகவும் ஆய்வுக்கூடமாகவும் நிலைபெறச் செய்தார்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் தேசிய ஆய்வுக்கூடங்கள் பல அமையத் தொடங்கின. அவற்றுள் ஒன்றைத் தம் ஊருக்குப் பெறுதற்காக அவர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஆம் ஆண்டு ஜூலை 25 ஆம் நாள் நேரு பெருமகனார் அடிக்கல் நாட்டினார். 1953 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் நாள், பொங்கல் திருநாளையொட்டி, அந்நாளில் குடியரசுத் துணைத்தலைவராக விளங்கிய டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்கள் அதனைத் திறந்து வைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்பது அதன் பெயர். ஆறும் இல்லாத, கனிச்சுரங்கமும் இல்லாத ஊரில் அறிவே சுரங்கமாயிற்று.

மின்வேதியியல் என்பது யாது? மின்னாற்றலுக்கும் பொருள்களின் வேதி மாற்றத்திற்கும் உள்ள தொடர்பை ஆராயும் கலை அது. மின்சாரத்தைச் செலுத்திப் பொருளை மாற்றுவது மின்பகுப்பு. பொருளின் மாற்றத்திலிருந்து மின்சாரம் பெறுவது மின்கலம். உலோகம் காற்றாலும் நீராலும் தானே கெடுவது அரிமானம். துரு ஏறுதல் அதன் ஒரு வகை. இம்மூன்றும் வானவூர்திக்கும் ஏவுகணைக்கும் எவ்வாறு உதவுகின்றன என்பதை இனி முறையே காண்போம்.

முதலாவது, மின்பகுப்பு. எரிபொருள்கள் பொதுவாக ஆக்ஸிஜன் எனப்படும் பிராணவாயு இன்றி எரிவதில்லை. ஜெட் விமானம் தன் முன்வாயினால் காற்றை இழுத்து, அதிலுள்ள பிராணவாயுவினால் எண்ணெயை எரிக்கிறது. ஆதலின் காற்று மிக மெலிந்த உயரத்திற்கு அது செல்ல இயலாது. ஏவுகணையோ பொதிசோறு கட்டிச் செல்லும் வழிப்போக்கனைப் போன்றது. தனக்கு வேண்டிய பிராணவாயுவைத் தன்னுடனே சுமந்து செல்கிறது. திட எரிபொருள் கொண்ட ஏவுகணைகளில் இவ்வாறு பிராணவாயுவைச் சுமப்பது அம்மோனியம் பெர்குளோரேட்டு என்னும் வெண்ணிறப் படிகமாகும். இது அலுமினியத் தூளுடனும், இரப்பர் போன்ற ஒரு பசையுடனும் கலக்கப்பட்டுக் கெட்டிப்படுகிறது.

இப்படிகம் எதிலிருந்து கிடைக்கிறது? நாள்தோறும் உணவில் இடும் உப்பிலிருந்தே கிடைக்கிறது! உப்பு நீரில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் உரிய நிலையில் அது குளோரேட்டு ஆகிறது. குளோரேட்டுக் கரைசலில் மேலும் மின்சாரத்தைப் பாய்ச்சினால் அது பெர்குளோரேட்டு ஆகிறது. அதனுடன் அம்மோனியச் சேர்மத்தைக் கலந்து அம்மோனியம் பெர்குளோரேட்டைப் பெறலாம். சொல்வதற்கு இது எளிது. செய்வதற்கோ ஓர் இடர் உண்டு. மின்சாரத்தை உள்ளே செலுத்தும் மின்வாய், அக்கரைசலால் தானே அரிக்கப்பட்டுவிடும். பிளாட்டினம் என்னும் உலோகம் அரிப்பைத் தாங்கும்; ஆனால் அதன் விலை மிகுதி; அதனை அயல்நாட்டிலிருந்தே பெறவும் வேண்டும். காரைக்குடி அறிஞர்கள் இவ்விடரை ஆராய்ந்து, காரீகத்தின் மேல் ஈய டை ஆக்ஸைடு படியச் செய்த மின்வாய்களை உருவாக்கினர். பென்சிலின் கருமையான கூர் எப்பொருளால் ஆனதோ அப்பொருளே காரீகம். எளிய பொருள்கள் அரிய பொருளின் இடத்தைப் பெற்றன. தென்பாண்டிக் கடற்கரையில் விளையும் உப்பு விண்ணில் எழுவதற்கு இத்தகைய ஆராய்ச்சி வழி வகுக்கிறது.

இரண்டாவது, மின்கலம். ஏவுகணை ஆண்டுக்கணக்கில் கிடங்கில் உறங்கும். ஆனால் ஏவிய நொடியில் அதன் கணிப்பொறியும் திசை காட்டும் கருவிகளும் விழித்தெழ வேண்டும். சாதாரண மின்கலம் அத்தனை ஆண்டுகள் ஆற்றல் குன்றாமல் இராது. ஆதலின் வெப்ப மின்கலம் என்னும் ஒன்றை அமைப்பர். அதனுள் உள்ள உப்புக் கலவை, கட்டியாக இருக்கும்வரை மின்சாரம் பாயாது. ஏவும் வேளையில் உள்ளே வைத்த வெப்பப் பொருள் பற்றி எரிய, உப்பு உருகி, மின்சாரம் பெருகும். கடலடியில் செல்லும் படைக்கலங்களுக்கு மக்னீசியத் தகடு கொண்ட மின்கலம் உதவுகிறது. கடல் நீர் உட்புகுந்தவுடன் அது உயிர்பெறும். நீரால் இயங்கும் இத்தகைய மக்னீசிய மின்கலங்களைப் பற்றிய ஆராய்ச்சியிலும் காரைக்குடி நிலையம் பெயர் பெற்றது.

மூன்றாவது, அரிமானம். விமானத்தின் மேற்றோல் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. கடற்காற்று அதனைச் சிறுகச் சிறுக அரிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பிளவு, வானில் பெருங்கேட்டை விளைக்கும். உலோகத்தைக் கடற்காற்று எவ்வாறு அரிக்கிறது என்பதை அறிதற்குக் காரைக்குடி நிலையத்தார் இராமேசுவரத்திற்கு அணித்தான மண்டபத்தில் உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக் காற்றிலும் நிறுத்திச் சோதித்து வருகின்றனர். எந்தப் பூச்சு எத்தனை நாள் காக்கும் என்பதைத் தகடுகளே சொல்கின்றன. பகைவனின் குண்டைப் போலவே துருவும் பகை என்பதை உணர்தல் வேண்டும்.

மண்டபத்தைக் கடந்தால் உள்ள இராமேசுவரத்தில் 1931 ஆம் ஆண்டு அக்டோபர் 15 ஆம் நாள் பிறந்தவர் அப்துல் கலாம். அந்நாளில் காரைக்குடியும் இராமேசுவரமும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் வானூர்திப் பொறியியல் பயின்ற அவர், விமானப்படையில் விமானியாக விரும்பினார். இருந்த இடங்கள் எட்டு. அவர் பெற்ற நிலை ஒன்பது. விமானம் ஓட்டும் வாய்ப்பு கிட்டவில்லை. ஆயினும் அவர் சோர்ந்து ஊர் திரும்பாது, ஊர்திகளை ஆக்கும் பணியை மேற்கொண்டார்.

அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 என்னும் செயற்கைக்கோள் ஏவூர்தி 1979 ஆம் ஆண்டு ஆகஸ்டு 10 ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்தது. 317 நொடிகளில் வங்கக் கடலில் வீழ்ந்தது. காரணம் யாது? இரண்டாம் அடுக்கில் ஒரு சிறு வால்வு மாசு படிந்து முற்றும் மூடாமற்போக, நைட்ரிக் அமிலம் கசிந்துவிட்டது. பல்லாண்டு உழைப்பு ஒரு சிறு மாசினால் கடலில் கரைந்தது. அறிஞர்கள் அழுது நின்றிலர். குறையை ஆராய்ந்து நீக்கினர். 1980 ஆம் ஆண்டு ஜூலை 18 ஆம் நாள் அதே வகை ஏவூர்தி ரோகிணி என்னும் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது.

1983 ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த ஏவுகணை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. பிருத்வி, அக்கினி, ஆகாஷ், திரிசூல், நாக் என ஐந்து ஏவுகணைகள் அதில் அடங்கின. 1987 ஆம் ஆண்டில் வல்லரசு நாடுகள் ஏழு ஒன்றுகூடி, ஏவுகணைத் தொழில்நுட்பத்தைப் பிற நாடுகளுக்குத் தருவதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொண்டன. கதவு அடைபட்டது, கைகள் ஓயவில்லை. 1988 ஆம் ஆண்டு பிப்ரவரி 25 ஆம் நாள் பிருத்வி பறந்தது. எஸ்.எல்.வி.-3 ஏவூர்தியின் திட எரிபொருள் அடுக்கை முதலடுக்காகக் கொண்ட அக்கினி, ஏவும் முயற்சி இருமுறை தடைப்பட்டபின், 1989 ஆம் ஆண்டு மே 22 ஆம் நாள் சந்திப்பூரிலிருந்து எழுந்து வெற்றி கண்டது. கதவை அடைத்த அதே கூட்டமைப்பு 2016 ஆம் ஆண்டில் இந்தியாவையும் தன் உறுப்பாக ஏற்றுக்கொண்டது. கற்றோர்க்கே கதவு திறக்கும் என்பதற்கு இது சான்று.

விமானத் துறையிலும் வளர்ச்சி உண்டு. இங்கேயே வடிவமைத்த தேஜஸ் என்னும் போர்விமானம் 2001 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் நாள் முதன்முறையாகப் பறந்தது. அதன் படைப்பிரிவு 2018 ஆம் ஆண்டு முதல் கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் நிலைகொண்டது. செட்டிநாட்டுக்கு அணித்தான தஞ்சையில் 2020 ஆம் ஆண்டு ஜனவரியில் சுகோய் விமானப் படைப்பிரிவு ஒன்று அமைந்தது. பிரமபுத்திரை, மாஸ்க்வா என்னும் இரண்டு ஆறுகளின் பெயரால் அமைந்த பிரமோஸ் ஏவுகணையை ஏந்துவன அவ்விமானங்கள். எனினும் தேஜஸ் விமானத்தின் எந்திரம் அமெரிக்க நாட்டினதே. மாருத் விமானம் விட்டுச் சென்ற வினாவுக்கு விடை இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. அதனை எழுத வேண்டியவர்கள் இன்று பள்ளியில் பயிலும் இளைஞர்களே.

படைக்கலம் பெருமைக்கு உரியது அன்று, காவலுக்கு உரியது. வேலி பயிரைக் காக்கவே வேண்டும். வேலிக்காகப் பயிரை மறத்தல் கூடாது. ஏவுகணைக்கு உயிர் தரும் அதே மின்வேதியியல் குடிநீரைத் தூய்மை செய்யும் குளோரினைத் தருகிறது. விளக்கெரிக்கும் மின்கலத்தைத் தருகிறது. பாலத்தின் இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. அழிக்கும் ஆற்றலும் ஆக்கும் ஆற்றலும் ஒரே உப்பில் உறைகின்றன. எதனை எதற்குப் பயன்படுத்துவது என்பதை உப்பு அறியாது. மனிதன் அறிதல் வேண்டும். அவ்வறிவோடு கூடிய உழைப்பே ஒரு நாட்டின் மெய்யான அரண் ஆகும்.