விபத்தில் அடிபட்டால்: சமாதானப் பேப்பரில் கையெழுத்துப் போடும் முன்பு...



திட்டக்குடி பக்கம் மக்காச்சோளத்துக்குக் களையெடுக்கப் போன நம் உறுப்பினர் ஒருவர் மேல் பைக் மோதி, கால் எலும்பு முறிந்தது. பைக்காரர் வீட்டார் ஆஸ்பத்திரிக்கே வந்து, "கேஸெல்லாம் வேணாம்மா, செலவுக்கு 10 ஆயிரம் வெச்சுக்கோங்க" என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பணம் ஒரே மாதத்தில் தீர்ந்தது. படுக்கையோ மூன்று மாதம். குழுத் தவணை நின்றது. சோறாக்க, தண்ணி எடுக்க மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள்.

"நான் வீட்டுல சும்மா இருக்குற பொம்பள, எனக்கு என்ன கிடைக்கப் போவுது?" என்று அவர் கேட்டார். நம்மில் பலருக்கும் இந்த எண்ணம் உண்டு. ஆனால் 2021 ஜனவரியில் ஒரு விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டு வேலைக்கும் வருமான மதிப்புப் போட்டு இழப்பீடு தரவேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சமைப்பது, பிள்ளை வளர்ப்பது, மாடு பார்ப்பது எல்லாம் வேலைதான். கூலி இழப்பு, மருத்துவச் செலவு, வலி வேதனை, ஊனம் இவற்றுக்கும் கேட்கலாம்.

விபத்து நடந்தால் நாம் செய்ய வேண்டியவை:

1. உடனே 108-க்கு போன் செய்யுங்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அதில் சேர்ந்துள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

2. எந்த வண்டி, எப்படி மோதியது என்பதை டாக்டரிடம் சரியாகச் சொல்லுங்கள். "கீழே விழுந்துட்டேன்" என்று பதிவானால் பின்னால் சிக்கல். வண்டி நம்பரைக் குறித்து வையுங்கள்.

3. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். அது இலவசம். காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்து பில் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள்.

4. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள். நாம் குடியிருக்கும் பகுதிக்கு உரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம். 6 மாதத்துக்குள் போடணும் என்று சட்டம் சொல்கிறது. நாள் தாண்டிவிட்டாலும் விட்டுவிடாமல் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே இரண்டரை லட்சம் ரூபாய் கேட்க 2022 ஏப்ரல் முதல் வழி இருக்கிறது. இறப்புக்கு 5 லட்சம். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரமும் இறப்புக்கு 2 லட்சமும் அரசுத் திட்டத்தில் உண்டு.

வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை: வேலைக்குப் போகும்போது லோடு வண்டியிலும் டிராக்டர் டிரெய்லரிலும் ஏறிப் போகிறோம். அவை ஆள் ஏற்றும் வண்டி இல்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கலாம். வண்டிக்காரரிடம் வாங்கும் நிலைமை வந்தால், அவரிடம் பணம் இருக்கணுமே!

இன்னொன்று: வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஒரு கையோ காலோ ஒரு கண் பார்வையோ நிரந்தரமாகப் போனால் 1 லட்சம். மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் உறுப்பினர் இப்போது சட்ட உதவி மூலம் மனு போட்டிருக்கிறார். புகார் ஏன் தாமதம் என்று ஒவ்வொரு இடத்திலும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மகள் மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறாள். "அன்னைக்கே குழுவுல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்கிறார்.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். யார் பேப்பரை நீட்டினாலும், "குழுவுல கேட்டுட்டு சொல்றேன்" என்று சொல்லப் பழகுவோம்.